பீச் மரப்பிடியும் இரண்டு பருவமழையும்: ஒரு மடக்குக் கத்தியைப் பழக்கிய கதை

வாங்கிய பத்தாம் நாளே அந்தக் கத்தி திறக்க மறுத்துவிட்டது. 2013ஆம் ஆண்டு ஆனி மாதத்தில், பிரான்சில் மேற்படிப்பை முடித்துத் திரும்பிய நண்பர், பெட்டியில் துணிகளுக்கு நடுவே சுருட்டிவைத்துக் கொண்டுவந்து கொடுத்த ஒப்பினெல் 8ஆம் எண் மடக்குக் கத்தி அது. முதல் நாள் நகக்குழியில் கட்டைவிரல் நகத்தை வைத்து இழுத்தபோது எந்தத் தடையும் இல்லாமல் திறந்தது. கன்னியாகுமரி மாவட்டத்தின் மலையடிவாரத்தில் உள்ள எங்கள் தோட்டத்துக்கு எடுத்துச் சென்று, சட்டைப்பையிலும் திண்ணையிலுமாகப் பத்து நாள் மழையில் வைத்திருந்தபின், நகம் பெயர்ந்துவிடுமோ என்று அஞ்சும் அளவுக்கு அலகு பிடிக்குள் இறுகிக்கொண்டது. தமிழ்நாட்டின் பெரும்பாலான மாவட்டங்கள் வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்க, எங்கள் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழைகளும் கிடைக்கின்றன. ஆனியில் ஊறும் மரம் ஆவணி, புரட்டாசியில் சற்று உலர்ந்து, ஐப்பசியில் மறுபடியும் ஊறும். அடுத்த பதினோர் ஆண்டுகளில் இந்தக் கத்தியில் நான் செய்த வேலைகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு சிக்கலைச் சுற்றியே நடந்தன.

கத்தியின் அமைப்பைச் சொன்னால்தான் சிக்கல் புரியும். ஆல்ப்ஸ் மலைப் பகுதியான சவோயில், கோடரி, அரிவாள் போன்ற வெட்டுக்கருவிகள் செய்யும் குடும்பத்தில் பிறந்த ஜோசப் ஒப்பினெல் 1890இல் இந்த வடிவத்தை உருவாக்கினார். 1897இல் 1 முதல் 12 வரை எண்ணிட்ட பன்னிரண்டு அளவுகள் வந்தன. அலகில் பொறித்திருக்கும் கிரீடம் சூடிய கை 1909இல் சேர்ந்த முத்திரை. 8ஆம் எண்ணின் அலகு எட்டரை சென்டிமீட்டர், பிடி பதினொரு சென்டிமீட்டர், மொத்த எடை ஐம்பது கிராமுக்கும் குறைவு. பிடி ஒரே துண்டு பீச் மரம். அதன் தலைப்பகுதியை இரண்டு கன்னங்களாகப் பிரிக்கும் காடிக்குள் அலகு உட்கார்ந்திருக்க, குறுக்கே ஓர் அச்சாணி போகிறது. தலையைச் சுற்றி இரும்புப் பூண் ஒன்று உண்டு. அதன்மேல் சுழலும் பூட்டு வளையத்தை 1955இல் மார்செல் ஒப்பினெல் சேர்த்தார். வளையத்தைத் திருப்பிவிட்டால் திறந்த அலகு விரல்மேல் மடங்காது.

பீச் மரம் ஈரத்துக்கு மிகுதியாக அசையும் மரங்களில் ஒன்று. காய்ந்த நிலைக்கும் ஊறிய நிலைக்கும் இடையே தேக்கு மாறும் அளவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு மாறும். வெறும் பிடியாக இருந்தால் ஊதிப் பெருத்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடலாம். இங்கே பூண் வெளிப்பக்கம் விரிய இடம் கொடுப்பதில்லை. எனவே கன்னங்கள் உட்பக்கமாக விரிந்து காடியைக் குறுக்கி அலகை நெரிக்கின்றன. நுண்ணளவு காட்டும் என் வெர்னியர் அளவுகோலில் அளந்தபோது, பங்குனிக்கும் ஐப்பசிக்கும் இடையே பூணுக்குச் சற்றுக் கீழே பிடியின் குறுக்களவு 0.2 மில்லிமீட்டர் கூடியிருந்தது. கேட்பதற்கு அற்பமான அளவுதான். ஆனால் அலகுக்கும் மரத்துக்கும் நடுவே இருக்கும் இடைவெளியே அவ்வளவுதான்.

சவோய்க்காரர்களுக்கும் இது தெரியாததன்று. பிடியின் அடிப்பகுதியைக் கல்லிலோ மேசை விளிம்பிலோ ஒரு தட்டுத் தட்டினால் அலகின் முதுகு சற்றே வெளியே எட்டிப்பார்க்கும்; பிறகு விரலால் பிடித்து இழுத்துக்கொள்ளலாம். அந்தத் தட்டுக்கு அவர்கள் தங்கள் ஊரின் பெயரையே வைத்திருக்கிறார்கள். நானும் முதல் மழைக்காலம் முழுவதும் கிணற்றுச் சுவரில் தட்டித் தட்டியே திறந்தேன். ஒருநாள், மூடிய அலகையும் பிடித்துவைக்கும் பூட்டு வளையத்தைத் திருப்ப மறந்து, பூட்டிய நிலையிலேயே ஓங்கித் தட்டியதில் பிடியின் வால்பகுதியில் பள்ளம் விழுந்தது. கத்தியில் நான் செய்த முதல் மாற்றம் அதுவென்று சொல்லலாம்.

இரண்டாவது மாற்றம் அதைவிட மோசமானது. எங்கள் வீட்டில் கீல் இறுகினாலும், பூட்டு இறுகினாலும், தலை வறண்டாலும் தேங்காயெண்ணெய்தான் மருந்து. காடிக்குள்ளும் அதையே விட்டேன். இரண்டு நாள் அலகு வழுக்கிக்கொண்டு திறந்தது, பிறகு பழையபடி இறுகியது. தேங்காயெண்ணெய் காற்றில் காய்ந்து கெட்டிப்படாது. மரத்துக்குள் திரவமாகவே நின்று, தூசியைச் சேர்த்துக்கொண்டு சிக்குவாடை பிடித்துவிடும். பின்னால் உண்மையாகவே காயக்கூடிய எண்ணெயை ஏற்ற நினைத்தபோது, முன்பே உள்ளே குடியிருந்த இந்தத் தேங்காயெண்ணெய் வழிவிட மறுத்தது. அதை வெளியேற்ற இரண்டு முறை டர்பன்டைனில் ஊறவைத்துத் துடைக்க வேண்டியிருந்தது.

மூன்றாவதாக, 2014 ஆடியில், உப்புத்தாளை மடித்துக் காடிக்குள் விட்டு இரண்டு கன்னங்களையும் தேய்த்தேன். அலகு தாராளமாகத் திறந்து மூடுகிறவரை தேய்த்தேன் என்பதே தவறு. அடுத்த சித்திரையில் மரம் உலர்ந்து சுருங்கியபோது அலகு பக்கவாட்டில் ஆடத் தொடங்கியது. கயிறு அறுத்தால் ஆட்டம், மாங்காய் நறுக்கினால் சாய்ந்த துண்டு. பக்கத்து ஊர்க் கொல்லுப்பட்டறையில் வெட்டுக்கத்திகளைப் பழுக்கக் காய்ச்சி நீரில் தோய்த்துக் கடினமாக்கும் தோய்ச்சல் வேலையில் இருந்த முதிய ஆசாரியிடம் காட்டினேன். அவர் அலகை இரு விரலால் பிடித்து அசைத்துப் பார்த்துவிட்டு, "ஆடியில தேய்ச்சா சித்திரையில ஆடத்தான் செய்யும், பிள்ளே" என்றார். அச்சாணியின் இரு தலைகளையும் உருண்டைத் தலைச் சுத்தியலால் நாலைந்து மெல்லிய தட்டுகள் தட்டி ஆட்டத்தைக் குறைத்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை, ஆனால் கத்தியைத் திருப்பித் தரச் சற்று நேரம் எடுத்துக்கொண்டார்.

அவர் சொன்னதிலிருந்துதான் வேலையின் வரிசையை மாற்ற வேண்டும் என்பது பிடிபட்டது: உலர்த்துவது முதலில், எண்ணெய் ஏற்றுவது அடுத்து, தேய்ப்பது கடைசியில். 2016 மாசியில், சர்க்ளிப் பிளையரால் பூட்டு வளையத்தை விரித்துக் கழற்றினேன். இந்த வளையம் வில்போல் துள்ளக்கூடியது. கழற்றுபவர்கள் ஒரு துணியைப் போர்த்திக்கொண்டு கழற்றுவது நல்லது. என்னுடையது முதல் முறை கண்ணாடிச் சட்டத்தில் பட்டுத் தெறித்து, துவைகல்லுக்கு அடியிலிருந்து மறுநாள் கிடைத்தது. பிறகு கத்தியை ஒரு காலி ஹார்லிக்ஸ் பாட்டிலில், மாத்திரைக் குப்பிகளிலிருந்தும் செருப்புப் பெட்டிகளிலிருந்தும் சேர்த்துவைத்த சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு போட்டு மூடி, மூன்று வாரம் விட்டுவைத்தேன். வெளியே எடுத்தபோது அலகு கலகலவென்று ஆடியது. மரத்தில் எண்ணெய் நுழைய இடம் இருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

பெயின்ட் கடைகளில் லின்சீட் ஆயில் என்று விற்கும் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயையும் டர்பன்டைனையும் சம அளவில் கலந்து, பிடியின் தலைப்பகுதி மட்டும் மூன்று சென்டிமீட்டர் மூழ்கும்படி ஓர் இரவு நிறுத்திவைத்தேன். மறுநாள் காடிக்குள் தேங்கியதை ஈர்க்குச்சியில் துணி சுற்றித் துடைத்தெடுத்தேன். அப்படித் துடைக்காமல் விட்டால் அது பிசின்போல் இறுகி, நாம் தீர்க்க வந்த சிக்கலையே மறுபடி உண்டாக்கும். ஒரு வாரம் கழித்து, டர்பன்டைன் கலக்காத எண்ணெயால் பிடி முழுவதும் இரண்டு பூச்சு பூசினேன். ஆளிவிதை எண்ணெய் காய்வது நீர் ஆவியாவது போன்றதன்று. அது காற்றிலுள்ள உயிர்வளியோடு சேர்ந்து கெட்டிப்படுகிறது, அப்போது வெப்பமும் வெளியாகிறது. எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டிக் குப்பையில் எறிந்தால் தானாகவே தீப்பற்றக்கூடும் என்பதை இந்த வேலைக்கு இறங்கும் எவரும் அறிந்திருக்க வேண்டும். நான் அவற்றைக் கொடியில் விரித்துக் காயப்போட்டேன். அது என்ன துணி என்று கேட்டு அம்மா துவைக்க எடுத்துச் சென்றது தனிக்கதை.

மூன்று வாரம் காய்ந்தபின், கடைசி வேலையை ஆனி மழை பிடிக்கும்வரை ஒத்திவைத்தேன். மரம் ஊறி அலகு இலேசாக இறுகிய அன்று, ஒரு ஹாக்சா பிளேடின்மேல் 320ஆம் எண் உப்புத்தாளைச் சுற்றி, பூண் இருக்கும் இடத்துக்கு நேர் உள்ளே மட்டும், பக்கத்துக்குப் பத்து இழுப்பு இழுத்துவிட்டு மூடித் திறந்து பார்த்தேன், மறுபடி பத்து. முயன்றால் திறக்கலாம் என்ற நிலை வந்ததும் நிறுத்தினேன். எண்ணெய் ஏறிய மரம் ஈரத்தை வாங்காமல் இருப்பதில்லை, மெதுவாக வாங்குகிறது. ஒரு வார அடைமழையைத் தாங்கும், ஒரு மாத அடைமழையில் சற்று இறுகும். அந்த அளவுக்கு நான் இணங்கிக்கொண்டேன். 2016 முதல் 2019 வரை ஆண்டுக்கு ஒருமுறை பங்குனியில் ஒரு பூச்சு எண்ணெயும், அதன்மேல் தேன்மெழுகும் தேய்த்ததைத் தவிரப் பிடியில் வேறு வேலை இருக்கவில்லை.

அலகின் கதை வேறு. ஒப்பினெல் அலகு துருப்பிடிக்காத எஃகிலும் வருகிறது, கரி மிகுந்த எஃகிலும் வருகிறது. நண்பரிடம் நான் கேட்டு வாங்கியது இரண்டாவது வகை. இதில் கரி ஏறத்தாழ 0.9 விழுக்காடு, குரோமியம் பெயருக்குக்கூட இல்லை. எனவே எளிதாகத் தீட்டலாம், எளிதாகத் துருப்பிடிக்கும். முதல் மாங்காயை நறுக்கியபோதே அலகில் நீலமும் சாம்பலுமாகத் திட்டுகள் விழுந்தன, மாங்காயில் இரும்பு வாடை ஏறியது. வாழைப்பூ ஆய்ந்த அன்று அலகு முழுக்கக் கறுத்தது. வாழைக்கறையில் இருக்கும் துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்து கருநீலச் சேர்மமாகிறது. கடுக்காயையும் அன்னபேதி என்னும் இரும்பு உப்பையும் சேர்த்து முன்னோர் மை காய்ச்சியதும் இதே வினையால்தான்.

அப்படியானால் கடுக்காயையே பயன்படுத்திப் பார்க்கலாமே என்று தோன்றியது. அலகைச் சாம்பல் போட்டுத் தேய்த்து எண்ணெய்ப் பசை போக்கி, எலுமிச்சைச் சாற்றில் ஐந்து நிமிடம் நனைத்துக் கழுவி, நாட்டுமருந்துக் கடையில் வாங்கிய கடுக்காய்த் தூளைக் கெட்டியாகக் காய்ச்சி ஆறவைத்த நீரில் ஓர் இரவு தொங்கவிட்டேன். காலையில் அலகு மங்கிய கருநீலத்தில் இருந்தது; மேலே ஒட்டிய கரித்தூள் போன்ற படிவைத் துணியால் துடைத்ததும், உள்ளே உறுதியான ஒரு நிறம் நின்றது. இந்தப் படலம் துருவை அடியோடு தடுக்காது. ஆனால் கடற்காற்று வீசும் ஊரில், ஈரக் கையோடு தொட்ட அன்றிரவே செந்துரு பூக்கும் அலகுக்கும், இரண்டு நாள் பொறுக்கும் அலகுக்கும் வேறுபாடு உண்டு. மாங்காயில் இரும்பு வாடையும் அதன்பின் குறைந்தது. கத்தி வாயைத் தீட்டும்போதெல்லாம் அந்த விளிம்பில் மட்டும் படலம் போய்விடும். அதை நான் பொருட்படுத்துவதில்லை, இரண்டு பலாப்பிஞ்சு வெட்டினால் தானே வந்துவிடுகிறது.

தீட்டுவதில்தான் எனக்குப் பெரிய இழப்பு நேர்ந்தது. 2017இல், சோம்பலால், தெருவில் சைக்கிள் சக்கரத்தில் சாணை பிடிக்க வந்த ஒருவரிடம் கத்தியைக் கொடுத்தேன். காய்கறிக் கத்திகளுக்குப் பழகிய கை. மெல்லிய அலகைக் கற்சக்கரத்தில் அழுத்தி, தண்ணீர் தொடாமல் பிடித்தார். பொறி பறந்தது, முனையில் ஒரு விரற்கடை அகலத்துக்கு நீலநிறம் ஓடியது. தோய்த்த எஃகைச் சூடாக்கினால் 220, 230 டிகிரியில் வைக்கோல் நிறமும், 300 டிகிரியை நெருங்கும்போது நீலமும் வரும். நீலம் கண்டுவிட்டால் அந்த இடத்தின் கடினம் குறைந்துவிட்டது என்று பொருள். அதன்பின் முனை எத்தனை முறை தீட்டினாலும் ஒரு தேங்காய் நார்க்கயிற்றோடு மழுங்கியது. மீட்க ஒரே வழி, கெட்டுப்போன எஃகைக் குளிர்ச்சியாகவே தேய்த்து அகற்றுவது. கரடுமுரடான காரபோரண்டம் கல்லில், நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீரில் தோய்த்து, நான்கு மாலை வேளைகள் தேய்த்தேன். முனையில் மூன்று மில்லிமீட்டர் போயிற்று. மேல்நோக்கி வளைந்திருந்த அழகான மூக்கு சற்றுத் தாழ்ந்து மொட்டையானது. துளையிடும் வேலைக்கு உதவாவிட்டாலும், மூங்கில் பட்டையை வழிக்க அந்த மொட்டை முனையே நன்றாக இருக்கிறது.

அதன்பின் வேறெவர் கையிலும் கொடுக்கவில்லை. ஒப்பினெல் அலகின் பக்கங்கள் தட்டையாக இல்லாமல் மிக மெல்லிய வயிறு தள்ளி வாயை நோக்கி இறங்குகின்றன. கோணம் மாறாமல் தட்டைக் கல்லில் தேய்த்தால் நாளடைவில் அந்த வடிவம் கெட்டு, வாய்க்குப் பின்னால் தோள் போல ஒரு தடிப்பு விழும். நான் பழைய சைக்கிள் டியூபைப் பலகையில் ஒட்டி, அதன்மேல் நீர் உப்புத்தாளை விரித்து, அலகைப் பின்னோக்கி மட்டும் இழுக்கிறேன். ரப்பர் அமுங்குவதால் வயிறு காப்பாற்றப்படுகிறது. முன்னோக்கித் தள்ளினால் தாள் கிழியும். 600, 1000, 2000 என்று ஏறி, கடைசியில் பழைய இடுப்புவாரின் உட்பக்கத்தில் நாற்பது இழுப்பு, பிசிறு போய்விடும். மாதம் ஒருமுறை இடுப்புவாரே போதுமானது.

இந்தக் கத்தி செய்யும் வேலைகளைச் சொன்னால் பெரிதாக ஒன்றும் இல்லை: வாழைக்கு ஊன்றுகால் கட்டும் கயிறு அறுப்பது, ரப்பர் மரத்தடியில் உட்கார்ந்து அன்னாசி சீவுவது, மலையேற்றத்தில் கூடார முளைகளைக் கூராக்குவது, வெற்றிலைக்காம்பு கிள்ளச் சோம்பும் தாத்தாவுக்கு உதவுவது. தேங்காய் வெட்டவும் விறகு பிளக்கவும் வெட்டுக்கத்தி இருக்கிறது. இதன் முதுகில் கட்டையால் அடித்து விறகு பிளப்பவர்களைக் கண்டால் எனக்கு அச்சாணிதான் நினைவுக்கு வரும். மீன் சுத்தம் செய்வதையும் விட்டுவிட்டேன். ஒருமுறை செதில்களும் இரத்தமும் காடிக்குள் போய், விடியுமுன் சிற்றெறும்புகள் பிடிக்குள் குடியேறிவிட்டன. ஈர்க்குச்சியாலும் வெந்நீராலும் அவற்றை வெளியேற்றியதில் அவ்வாண்டு ஏற்றிய எண்ணெய் பாழாயிற்று. வனவிலங்குச் சரணாலய எல்லைக்குள் போகும் நாட்களில் கத்தி வீட்டிலேயே இருக்கும். எழுத்துபூர்வ அனுமதியின்றி ஆயுதத்தோடு நுழைவதை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது, எட்டரை சென்டிமீட்டரைக் காட்டி வனக்காவலரிடம் வாதாட எனக்கு விருப்பமில்லை.

2020இல் பிடி பிளந்தது. பரணிலிருந்து சிமெண்ட் தரையில் விழுந்து, பூணுக்குக் கீழே தொடங்கி மர ரேகையோடு நான்கு சென்டிமீட்டர் விரிசல். ஒட்டிப் பார்த்தேன், எண்ணெயில் ஊறிய மரத்தில் பசை நிற்கவில்லை. பொதுமுடக்க மாதங்கள், நேரம் இருந்தது. இடித்த பழைய வீட்டின் சன்னல் சட்டத்திலிருந்து ஒரு தேக்குத் துண்டு கிடைத்தது. தாத்தா காலத்தில் அறுத்து நன்றாக உலர்ந்த மரம், தேக்கு பீச்சைவிடக் குறைவாகவே அசையும். அச்சாணித் தலையை அரத்தால் ராவித் தட்டி வெளியேற்றி, பூணையும் வளையத்தையும் அலகையும் தனித்தனியாக எடுத்துவைத்தேன்.

முதல் பிடியை வீணாக்கினேன். மரத்தை முதலில் உருண்டையாகச் சீவிவிட்டுப் பிறகு காடி அறுத்ததால், எந்தப் பக்கம் நேர் என்பதற்கு அளவுகோல் இல்லாமல் காடி கோணியது; அச்சாணித் துளையும் சாய்ந்தது. இரண்டாவது துண்டில், மரம் சதுரக் கட்டையாக இருக்கும்போதே துளையையும் காடியையும் முடித்தேன். ஒரு ஹாக்சா பிளேடு அறுக்கும் வழி அலகுக்குப் போதாது. இரண்டு பிளேடுகளைச் சேர்த்து நாடா சுற்றி அறுத்தபோது, ஒன்றரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டிய அலகுக்கு இலகுவான அளவு கிடைத்தது. வால்பக்கம் ரம்பம் எட்டாத பகுதியை, தேய்ந்த ஒரு பிளேடைக் கூராக்கிச் செய்த உளியால் சுரண்டினேன். பிறகு காடிக்குள் அதே தடிமனுள்ள மரச்செதிலைச் செருகி, கட்டில் கால் கடையும் பட்டறையில் கொடுத்துக் கடைந்து வாங்கினேன். செதில் செருகாவிட்டால் கடைசல் உளி பட்டதும் கன்னங்கள் பிளந்திருக்கும் என்று கடைசல்காரரும் சொன்னார்.

அச்சாணிக்குப் பழைய ஆணியின் தடிமனுள்ள எஃகுக் கம்பி. அதன் தலைகளைத் தட்டிப் பரப்பும்போது அலகின் இருபுறமும் தபால் அட்டைத் தடிமனில் ஒரு காகிதத்தைச் செருகிவைத்தேன். தட்டி முடித்தபின் காகிதத்தை இழுத்துவிட்டால், அந்த இடைவெளி மழைக்காலத்துக்கென்று நிற்கும். ஒரு குறை பின்னால்தான் தெரிந்தது: காடியின் ஆழம் போதாமல், மூடும்போதெல்லாம் கத்தி வாய் அடிமரத்தில் முட்டி மழுங்கியது. காடியின் அடியில் மெல்லிய தோல் துண்டு ஒட்டலாம் என்று சிலர் சொன்னார்கள். தோல் ஈரம் பிடிக்கும் என்பதால் நான் இன்னும் ஒரு மில்லிமீட்டர் சுரண்டியே ஆழமாக்கினேன். வால்பக்கம் ஒரு துளையிட்டு, மெழுகு ஏற்றிய பருத்திக் கயிறு கோத்திருக்கிறேன்.

தேக்குப் பிடியிலும் ஒரு குறை உண்டு. நான் கடைந்து வாங்கியதில் பழைய பிடியின் இடுப்பு வளைவு சரியாக வரவில்லை, நீண்ட நேரம் சீவினால் சுண்டுவிரலடியில் உறுத்துகிறது. அதைக் கண்ணாடிச் சில்லால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி வருகிறேன். மற்றபடி நான்கு ஐப்பசிகளாகக் கத்தி தட்டாமலே திறக்கிறது. பதினோர் ஆண்டுத் தீட்டலில் அலகின் அகலம் ஒன்றரை மில்லிமீட்டர் குறைந்திருக்கிறது.

பிளந்த பீச் பிடி ஹார்லிக்ஸ் பாட்டிலுக்கு அருகே அலமாரியில் கிடக்கிறது. 2024 பங்குனியில் வெர்னியர் வைத்துப் பார்த்தேன். ஐப்பசியில் மறுபடி வைத்தேன். பூணும் இல்லை, அலகும் இல்லை, ஐந்தாண்டுகளாக எண்ணெயும் இல்லை; 0.3 மில்லிமீட்டர் ஊதியிருந்தது.